மயிலாத்தாவோட ஏழு கோழி

ஒரே ஒரு ஊர்ல, ஒரே ஒரு வாசல்ல, ஏழே ஏழு கோழி. போர்வைய இழுத்துப் போத்திக்கோ சாமி. நான் நிறுத்தற எடத்துல ‘ம்’ கொட்டிக்கிட்டே வா.

அந்த ஏழு கோழிக்கும் சொந்தக்காரி பேரு மயிலாத்தா. கல்யாணம் முடிஞ்சு வண்டியில வந்து எறங்கறப்போ, அவ மடியில ஒரு பொட்டக் குஞ்சு இருந்துச்சு. அவங்கம்மா குடுத்து விட்டது. புது ஊர்ல பேச ஆளில்லேன்னா இதுகிட்டப் பேசிக்கோன்னு சொல்லிக் குடுத்தாங்களாம். அந்தம்மா அடுத்த வருசமே போய்ச் சேந்துட்டாங்க, பாவம். குஞ்சு பெருசாச்சு. செவலைன்னு பேரு வெச்சா. அந்தச் செவலை அடைகாத்துப் பொரிச்சதுதான் மத்த ஆறும். அவளுக்குப் பொறந்த வீடுன்னு மிச்சம் இருந்ததே அந்த ஏழுதான். ம்? சரி.

அப்புறம் ஒரு கோடை வந்துச்சு. வெயில்னா அப்பேர்ப்பட்ட வெயில். வாசல்ல மருந்துக்குக்கூட ஒரு பச்ச இல்ல. மயிலாத்தா தெனமும் காலைல ‘பா... பா... பா’ன்னு கூப்புட்டுக் கம்பு எறைப்பா. ஆனா எத்தன கம்பு போட்டாலும் கோழிக்குப் பச்ச வேணும் கண்ணு. ஒனக்கு தெனமும் வெறுஞ்சோறு போட்டா நீ தின்பியா? மாட்டேல்ல?

வேலிக்கு அந்தப் பக்கம் காளியண்ணன் காடு. அவரு மொளகா நாத்து விட்டிருந்தாரு. பச்சப் பசேல்னு இருந்துச்சு. ஒருநா வேலியில கதவா வெச்சிருந்த படல் சந்துல புசுக் புசுக்குன்னு ஏழும் நொழஞ்சு, சரக் சரக்குனு கால்ல சீச்சு, டொக் டொக்குனு கொத்தி, ஒரு நாத்து பாக்கியில்லாம முடிச்சிருச்சுங்க.

காளியண்ணன் வந்தாரு. சத்தம் போடல. இந்த நாத்த நம்பித்தான் அம்மிணி இந்த வருசமேன்னு மட்டும் சொல்லிட்டுத் தலையத் தொங்கப் போட்டுட்டுப் போனாரு. திட்டியிருந்தாக்கூட மயிலாத்தாவுக்குத் தேவலையா இருந்திருக்கும். அவ வீட்டுக்காரரு செங்கோடன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாரு. அவரு பேசறதே கம்மி, பேசுனா மாத்திப் பேச மாட்டாரு.

“அவரு மறுக்கா நாத்து விடறாரு. அதுல நம்ம கோழி ஒண்ணு கால வெச்சாலும், ஏழும் சந்தைக்குத்தான்” அப்படின்னுட்டாரு.

வேற ஒருத்தியா இருந்தா உக்காந்து அழுதிருப்பா. நம்ம மயிலாத்தா என்ன செஞ்சா தெரியுமா? உக்காந்து யோசிச்சா. கோழி திருடவா போவுது, பச்சயத் தேடித்தான போவுது. பச்ச இங்கயே இருந்தா அங்க எதுக்குப் போவப் போவுது? இப்படி ஒரு புத்தி யாருக்கு வரும் சொல்லு. எனக்கு வராது.

அப்போ அவ, பாத்தரம் கழுவற தண்ணி ஓடற எடமாப் பாத்து, ஒரு பாத்தி கொத்துனா. கம்பும் கீரை வெதையும் கலந்து வீசி வீசி எறைச்சா. எறைச்சுட்டுத் திரும்பிப் பாத்தா, ஏழும் பின்னாலயே வரிசையா நிக்குது. பின்ன? தெனமும் அதே கையி, அதே வீச்சு. ஆத்தா நமக்குத் தீனி போடறான்னு வெதைய அத்தனையும் பொறுக்கித் தின்னுட்டுச் சமத்தா நின்னுச்சுங்க. அது அவ தப்பா, கோழி தப்பா? கோழி தப்பில்ல.

அப்புறம் ரெண்டாந்தடவ, கோழியெல்லாம் அடைஞ்சதுக்கப்புறம் வெதச்சா. சுத்திலயும் கருவேல முள்ள வெட்டிப் போட்டா. மூணாம் நாள் குட்டிக் குட்டியா மொளச்சுது. செவலை முள்ளப் பாத்துச்சு, வானத்தப் பாத்துச்சு. படபடபடன்னு றெக்கய அடிச்சு உள்ள குதிச்சிருச்சு. கொத்தியிருந்தாப் பரவால்ல. சரக் சரக்குனு சீச்சு வேரையே கெளப்பிப் போட்ருச்சு. ம் சொல்லு.

மூணாந்தடவ கோழியவே அடைச்சா. பஞ்சாரம் பாத்திருக்கியா? மூங்கில் சிம்புல ஓட்ட ஓட்டயா முடைஞ்சு, கோழி மேல கவுத்தற பெரிய கூடை. ரெண்டு பஞ்சாரத்துல ஏழையும் கவுத்துட்டுப் பாத்தியில வெதச்சா. மொத நாள் பூரா கொக்கொக்கொக்னு ஒரே கத்தல். மறுநா தீனி எடுக்கல. மூணாம் நாள் ஒரு முட்டகூட இல்ல. செவலை கழுத்தச் சுருக்கிக்கிட்டு ஒரு மூலையில உக்காந்துக்கிச்சு. மயிலாத்தாவுக்கு அம்மா ஞாபகம் வந்திருச்சு. அழுதுக்கிட்டே நாலாம் நாள் பஞ்சாரத்தத் தூக்கிட்டா.

தூக்குன அவசரத்துல ஒரு பஞ்சாரத்தப் பாத்தி மேலயே வெச்சுட்டா. அதுலயும் அரைப் பாத்திதான் கூடைக்குள்ள. மீதி வெளிய. அந்தப் பக்கம் காளியண்ணன் வேற அப்பத்தான் புதுசா நாத்து விட்டிருக்காரு. அதனால மொதல்ல ஓடிப்போயி படல் சந்து எல்லாத்தையும் சாக்க வெச்சு அடச்சா. திரும்பி வந்து பாத்தா, வெளிய இருந்த மொள ஒண்ணுமில்ல, சுத்தம். கூடைக்குள்ள இருந்தது? அப்படியே நிக்குது. செவலை பஞ்சாரத்து மேல ஏறி டொக் டொக்குனு கொத்துது, கால்ல சீக்கப் பாக்குது, மூங்கில் வழுக்கிச் சர்ர்ருக்குனு கீழ வருது. மறுபடி ஏறுது, மறுபடி சர்ர்ருக்.

மயிலாத்தா அத நின்னு பாத்தா. பாத்துட்டு, அழுத மொகத்தோட சிரிச்சா.

“கோழியக் கூடையில போட்டாக் கோழி கத்துது. கீரையக் கூடையில போட்டாக் கீரை கத்தவா போவுது” அப்படின்னா.

அவ்வளவுதான் கண்ணு. ஊரு பூரா அத்தன காலமாப் பஞ்சாரத்தக் கோழி மேல கவுத்துச்சு. இவ ஒருத்திதான் செடி மேல கவுத்துனா. வெளிய காலியான எடத்துல மறுபடி வெதச்சு, அதுமேல ரெண்டாவது பஞ்சாரத்தயும் கவுத்துனா. பாக்கறவங்கெல்லாம் சிரிச்சாங்க. கோழி வெளிய, கீரை கூண்டுக்குள்ளயான்னு கேலி பேசுனாங்க. பேசட்டும்னு தண்ணி ஊத்துனா. பச்ச மேல வர்ற வரைக்கும் பத்து நாள் படலுகிட்டயே காவல் உக்காந்தா. கஞ்சி குடிச்சதும் அங்கயேதான்.

பத்தாம் நாள் ஓட்டைக்கு ஓட்டை பச்ச எட்டிப் பாத்துச்சு. கோழிங்க நுனிய மட்டும் நறுக் நறுக்குனு கிள்ளித் தின்னுச்சுங்க. வேரு உள்ள பத்திரமா இருந்துச்சு. இன்னிக்குத் தின்னா, மறுக்கா துளுத்துக்கிட்டே இருந்துச்சு.

அப்போ அவ என்ன பண்ணுனா? காளியண்ணனயும் வீட்டுக்காரரயும் நிக்க வெச்சு, அவளே போய்ப் படல அகலமாத் தொறந்துட்டா. என்ன தகிரியம் பாரு அவளுக்கு. செவலை நடந்து நடந்து படலுகிட்டப் போச்சு. கழுத்த வெளிய நீட்டுச்சு. அந்தப் பக்கம் மொளகா நாத்து ரெண்டு எல விட்டிருக்கு. செவலை ‘கொக்’னுச்சு. திரும்பிச்சு. விறுவிறுன்னு பஞ்சாரத்துக்கிட்டயே வந்திருச்சு. மத்த ஆறும் அது பின்னாலயே வந்திருச்சுங்க.

காளியண்ணன் கோழிய வெரட்டக் கையில வெச்சிருந்த கோலக் கீழ போட்டுட்டுச் சிரிச்சாரு. செங்கோடன் பஞ்சாரத்தச் சுத்திச் சுத்தி வந்து பாத்தாரு.

மறுநா சந்தை. மயிலாத்தா கண்ணு முழிச்சுப் பாத்தா அவரக் காணோம். சொல்லாமக் கொள்ளாமச் சந்தைக்குப் போயிட்டாராம். கோழியப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டாரோன்னு வாசலுக்கு ஓடுனா. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழும் இருந்துச்சு. அப்போ இந்த மனுசன் எதுக்குப் போனாருன்னு பொழுதுக்கும் யோசிச்சுக்கிட்டே இருந்தா.

சாயந்தரம் வந்தாரு. தல மேல ஒண்ணுக்குள்ள ஒண்ணா அஞ்சு புதுப் பஞ்சாரம்.

“இத்தன எதுக்குங்க? நம்மகிட்ட ஏழு கோழிதானுங்க இருக்குது” அப்படின்னா.

“கோழிக்கு யாரு வாங்குனா? கீரைக்கு” அப்படின்னுட்டு, கொடத்த எடுத்துக்கிட்டுத் தண்ணி எடுக்கப் போனாரு.

கோழி எல்லாம் அடைஞ்சாச்சு. கதையும் அடைஞ்சாச்சு. கண்ண மூடு சாமி.