சாகாத கார்டு

குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டால் ஊரே ஜன்னலைச் சாத்தும். பல்கீஸ் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போவாள். தவளையும் பாசியும் நனைந்த குரங்கும் வெயிலிலா கிடைக்கும்? தென்காசி போகிற சாலையில் தகரக் கூரை போட்ட சின்ன ஸ்டூடியோ அவளுடையது. மழையில் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள அவளிடம் சிலபேர் வருவார்கள். எல்லாரும் வாலிபப் பிள்ளைகள், ஒருத்தரைத் தவிர.

அந்த ஒருத்தர் குத்தாலிங்கம் சார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பல்கீஸுக்கே வேதியியல் சொல்லிக் கொடுத்தவர். சோதனைக் குழாயை உடைத்ததற்காக அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவரும் அவர்தான். இப்போது அவள் குரு, அவர் சிஷ்யர். "வாத்தியாரம்மா" என்றுதான் கூப்பிடுவார். "சார், அப்படிக் கூப்பிடாதீங்க, கூச்சமா இருக்கு" என்று அவளும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளா அவர்?

போன வருஷச் சாரலுக்கு நாள் தவறாமல் வந்த மனுஷர், அப்புறம் வரவே இல்லை. ஐப்பசியில் அவர் மனைவி கோமதி இறந்துபோனாள். பல்கீஸ் துக்கம் கேட்கப் போய் வந்தாள். அன்றைக்குக் கேமராவைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

இந்த ஆடியில் ஒருநாள் பகலில் நல்ல சாரல். ஸ்டூடியோ வாசலில் ஒரு குடை வந்து நின்றது. குடைக்குக் கீழே ஒரு துணிப்பை இருந்தது. குடையைப் பிடித்திருந்த குத்தாலிங்கம் குடைக்கு வெளியே இருந்தார். காதோரமாகத் தண்ணீர் ஒழுகியது.

"வாங்க சார், வாங்க. பையில என்ன?"

"கேமரா."

"அது மழைக்குத் தாங்குற கேமராதானே சார்? நான்தானே கூட வந்து வாங்கிக் குடுத்தேன்."

"கேமரா தாங்கும் வாத்தியாரம்மா. உள்ள கெடக்குற கார்டு தாங்குமா?"

பல்கீஸ் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அட, தலையைத் துடைங்க சார்!"

தலையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பையை மடியை விட்டு இறக்கவில்லை.

"எனக்கு ஒரு கார்டு வேணும். நனைஞ்சாலும் சாகக் கூடாது. சூடு பட்டாலும் சாகக் கூடாது. கீழ விழுந்தாலும் சாகக் கூடாது. நான் போன பெறகும் அது இருக்கணும். அப்படி எது இருக்குன்னு சொல்லுங்க, என்ன விலைன்னாலும் வாங்கிருதேன்."

பல்கீஸ் அலமாரியிலிருந்து ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகி மேஜைமேல் கவிழ்த்தாள். கலகலவென்று பழைய மெமரி கார்டுகள் கொட்டின. ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. ஒன்றில் பல் தடம்.

"இது நாய் கடிச்சது சார். இது அருவிப் பாறையில நானே மிதிச்சது. இதுக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல, ஒரு காலையில பேச்சு மூச்சில்லாமப் போயிருச்சு."

"செத்ததையெல்லாம் எதுக்குச் சேத்து வச்சிருக்கீங்க?"

"ஒவ்வொண்ணும் சாகவே சாகாதுன்னு சொல்லித்தான் சார் கடையில குடுத்தாங்க."

குத்தாலிங்கத்தின் முகம் வாடிவிட்டது. அந்த வாட்டத்தைப் பார்த்ததும் பல்கீஸுக்கு விளையாட்டு போதும் என்று பட்டது. புதுசாக ஒரு கார்டைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதைத் தடவிப் பாருங்க. ஓரத்துல ஒட்டு தெரியுதா? தெரியாது. ஒரே வார்ப்பு. சாதாரணக் கார்டு ரெண்டு தகட்டை ஒட்டினது, ஒட்டு விட்டா பிளந்துக்கும். பக்கத்துல பூட்டுறதுக்குத் தள்ளுற குட்டிக் கட்டையும் இதுல கெடையாது, அதுதான் முதல்ல ஒடியும். தண்ணியில விழுந்தாலும் எடுத்துக் காய வச்சுப் போடலாம். மழைக்கு இதைத்தான் வாங்கணும்."

"அப்ப இது சாகாது?"

"சீக்கிரம் சாகாது."

"நான் கேட்டது அது இல்லையே, வாத்தியாரம்மா."

"சரி, என்னத்தைக் காப்பாத்தணும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

அவர் தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கினார். கண் ஜன்னலிலேயே இருந்தது. சாரல் தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது.

போன வருஷம் இதே மாதிரி ஒரு நாள். வீட்டு முற்றத்தில் நின்று செம்பருத்தியில் மழை விழுவதை அவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கோமதி கத்தினாள். அது அந்த வீடியோவில் விழுந்துவிட்டது. "எம்படத்தைக் கெடுத்துட்டியே" என்று அன்றைக்கு அவளை ஒரு பாட்டம் திட்டினார். அழிக்கப் போனவர் எப்படியோ மறந்துவிட்டார். அவள் குரல் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

அதை அவர் இன்றுவரை போட்டுக் கேட்கவில்லை. போடப் போடத் தேய்ந்துவிடும் என்று பயம். அத்தனை பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்த தலைக்குள் இந்தப் பயம் எப்படிப் புகுந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மனசுக்குப் பிடித்தது என்று வந்துவிட்டால் படித்தது எங்கே நிற்கிறது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகன் செண்பகராமன் கேட்டான். ஓசூரில் வேலை அவனுக்கு. "அப்பா, அந்த வீடியோவை எனக்கு அனுப்புங்க."

"கார்டைத் தொட்டா போயிரும்ல."

"ஒருதடவை கேட்டுக்கிடுதேன்ப்பா."

"வேண்டாம்னா வேண்டாம்."

"அம்மா உங்களுக்கு மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனவன்தான். அதற்கப்புறம் போன் செய்தால் மாத்திரை போட்டீங்களா என்பான். போட்டேன் என்பார். அவ்வளவுதான் பேச்சு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு பல்கீஸ் கையை நீட்டினாள். "கேமராவைக் குடுங்க சார்."

"பாத்து..."

"குடுங்க."

குழந்தையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தார். அவள் கார்டுக் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே அவரை நிமிர்ந்து பார்த்தாள். கதவின் ரப்பர் விளிம்பெல்லாம் வெள்ளை மாவு. உள்ளேயிருந்து ஒரு வண்டு, யார் வீட்டுக்கோ வந்துவிட்டோம் என்கிற மாதிரி, மெல்ல நடந்து வெளியே வந்தது.

"சார், இது எங்க இருந்துச்சு?"

"அரிசி டிரம்முல."

"என்னது?"

"அரிசி ஈரத்தை இழுக்கும்லா. நனைஞ்ச போனைக் கூட அதுலதானே போடுதாங்க. ஒரு எடமும் இல்லாம அங்கதான் பத்திரமா..."

"அடிச்சு ஊத்துற மழையெல்லாம் இந்தக் கேமரா பாத்துருக்கு. அப்பல்லாம் ஒண்ணும் ஆகல. நீங்க பத்திரமா வச்சீங்க பாருங்க, அதுலதான் சார் வண்டு போயிருக்கு."

சொல்லிவிட்டு அவளுக்கே கஷ்டமாகிவிட்டது. அவர் குனிந்த தலை நிமிரவில்லை. வகுப்புக்கு வெளியே நிறுத்திய பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பல்கீஸ் கார்டை எடுத்துக் கணினியில் செருகினாள். ஒன்றும் வரவில்லை. கழற்றிச் செருகினாள். அப்போதும் வரவில்லை.

"வாத்தியாரம்மா..."

"பொறுங்க சார்."

"போயிருச்சா?"

"பொறுங்கன்னு சொல்லுதேன்லா."

குத்தாலிங்கம் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார். கோமதியைக் கொண்டுபோன அன்றைக்குக் கூட அவர் இப்படிப் பயப்படவில்லை. அன்றைக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்ற தைரியம் இருந்தது. அந்த மிச்சத்தையும் தானே அரிசிக்குள் புதைத்து வண்டுக்குக் கொடுத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

அவள் காய்ந்த பஞ்சை எடுத்தாள். கார்டின் பின்பக்கத்துப் பொன்னிற வரிகளைத் துடைத்தாள். அழுத்தவில்லை, அவசரப்படவில்லை. துடைத்த பஞ்சு அழுக்காக வந்தது. இன்னொரு பஞ்சு எடுத்தாள். உதட்டுக்குள் பிஸ்மில்லா சொல்லி மறுபடி செருகினாள்.

திரையில் ஒரு செம்பருத்தி வந்தது.

குத்தாலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

பல்கீஸ் அதை இரண்டு புதுக் கார்டுகளில் ஏற்றினாள். பிறகு சொன்னாள்: "இப்பப் போட்டுப் பாக்கணும் சார்."

"வேண்டாம். தேஞ்சிரும்."

"தேயாது. நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார், நான் சொல்லணுமா? போட்டுப் பாக்காத காப்பியைக் காப்பின்னு நாங்க எண்ணிக்கையில சேக்கிறதே இல்ல. நான் வேணும்னா வெளிய நிக்கேன்."

"இல்ல, நீங்களும் இருங்க."

அவள் பொத்தானை அழுத்தினாள். மழைச் சத்தம். செம்பருத்தி ஆடியது. எங்கேயோ ஒரு பாத்திரம் விழுந்தது. பிறகு அந்தக் குரல், அடுப்படியிலிருந்து:

"கேமரா நனையாது, சரி. நீங்க நனைவீங்கள்லா? உள்ள வாங்க!"

'வாங்க'வை அவள் இழுத்தாள். பாதி அதட்டல், பாதி கெஞ்சல்.

குத்தாலிங்கத்துக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. ஈரத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினார். பல்கீஸ் அவரை அழ விட்டாள். அவளுக்கும் கண் நிறைந்திருந்தது. அவரைப் பார்க்காத மாதிரி, மேஜையில் கிடந்த செத்த கார்டுகளைப் பொறுக்கிப் பாட்டிலில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் கொஞ்சம் அடங்கியதும் இரண்டு கார்டுகளையும் அவர் முன்னால் வைத்தாள்.

"ஒண்ணு உங்க வீட்டுல. அரிசி டிரம்முல இல்ல, சொல்லிட்டேன்! இன்னொண்ணு இங்க, என் அலமாரியில. மூணாவது எங்க சார்?"

"மூணாவது எதுக்கு? அதான் ரெண்டு இருக்கே."

"எங்க தொழில்ல மூணு வைக்கணும். மூணாவது வேற ஊர்ல இருக்கணும். இந்த ஊருக்கு ஒரு வெள்ளம் வந்தா உங்க வீடும் போகும், என் கடையும் போகும். வேற ஊர்ல உங்களுக்கு யார் சார் இருக்கா?"

குத்தாலிங்கம் மேஜையின் விளிம்பை விரலால் தேய்த்தார்.

"அவன் கோவக்காரன்."

"சரி."

"அனுப்பினா, இப்பதான் மனசு வந்துச்சான்னு கேப்பான்."

"கேக்கட்டுமே."

"கேட்டா நான் என்ன சொல்ல?"

பல்கீஸ் வீடியோவை அவர் போனுக்கு ஏற்றி, போனைக் கடையின் வைஃபையில் இணைத்தாள். "சுருக்காம, அப்படியே முழுசா போற மாதிரி வச்சிருக்கேன். அனுப்புறது நீங்கதான்" என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் போட உள்ளே போனாள்.

அவர் விரல் வெகுநேரம் திரைக்கு மேலேயே நின்றது. பிறகு அழுத்திவிட்டார்.

தேநீர் ஆறியது. பதில் இல்லை. அவன் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது, ஆனாலும் பதில் இல்லை. "நான் சொல்லலியா, கோவக்காரன்" என்றார். சொல்லும்போது குரல் தேய்ந்துவிட்டது.

போன் அடித்தது.

எடுத்துக் காதில் வைத்தார். கரகரவென்றது. அந்தத் தகரக் கூரைக்குக் கீழே போன் சரியாகப் பேசாது, வருகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. "ராமா... ராமா... இரு, வச்சிராத" என்று பதறிக்கொண்டு வெளியே ஓடினார். முற்றத்தின் நடுவே போய் நின்ற பிறகுதான் இரைச்சல் அடங்கியது.

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. தாடி வைத்த, பிள்ளை பெற்ற மகன், சின்ன வயசில் காய்ச்சலில் அழுத மாதிரியே அழுதான்.

"நான்தான்லே தப்பு பண்ணிட்டேன். உனக்கும் அம்மாதானே. எனக்குப் பயம்டா, வேற ஒண்ணும் இல்ல."

செண்பகராமன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

"அப்பா, மழைச் சத்தம் கேக்குதே. வெளியவா நிக்கீங்க?"

"ஆமா. உள்ள சிக்னல் இல்ல."

"நனைவீங்கள்லா? உள்ள வாங்கப்பா!"

அந்த 'வாங்க'வை அவன் இழுத்தான். பாதி அதட்டல், பாதி கெஞ்சல்.

குத்தாலிங்கம் மழையில் அசையாமல் நின்றார். அப்புறம் போனை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு திரும்பினார். பல்கீஸ் அவர் கொண்டுவந்த குடையை விரித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"வாத்தியாரம்மா, இவன் குரல்... இவன் அவளை மாதிரியே..." எதையாவது கேட்டாக வேண்டும் போலிருந்தது. "சாகாத கார்டு எதுன்னு கேட்டேனே, நீங்க இன்னும் சொல்லலியே."

பல்கீஸ் குடையை அவர் தலைக்கு மேலே கொண்டுவந்து பிடித்தாள். அவள் தோள் குடைக்கு வெளியே நனைந்தது.

"அந்தக் குரலை ஏன் சார் கையால பொத்துதீங்க? எடுத்துப் பேசுங்க. குடையை நான் பிடிக்கேன்."