நாக்கு சொல்லாத வார்த்தை

ஒரு நாக்கும் ஒரு பெருங்குடலும் ஐம்பத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் குடியிருந்தன. அந்த வீட்டின் பெயர் செண்பகவல்லி. ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில், நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை விற்பவள்.

நாக்குக்கு மாடி. "இந்த அரக்குக் கலர் உங்களுக்குன்னே வந்திருக்குக்கா" என்று அது சொன்னால், சும்மா பார்க்க வந்தவர்களும் வாங்கிப் போவார்கள். குடலுக்குக் கீழே, இருட்டில் இடம். வந்ததை நகர்த்துவதே அதன் பிழைப்பு.

அந்தக் கடையில் கழிவறைக்குப் போக மேலாளரிடம் கேட்க வேண்டும். கேட்கக் கூசி, செண்பகவல்லி தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். மதியம் வெறும் தயிர்சோறு. வீடு திரும்பும் வழியில் பரோட்டா.

காய்ந்து இறுகியதை வருடக்கணக்கில் உந்தி உந்தி, குடலின் சுவர் அங்கங்கே பிதுங்கிச் சின்னப் பைகளாயிற்று. ஒருநாள் ஒரு பை வீங்கிப் புண்ணானது. இடப்பக்க அடிவயிற்றில் வலி, காய்ச்சல், மருத்துவமனை.

"இந்தத் தடவை மருந்துல அடங்கிடுச்சு. பை கிழிஞ்சா ஆபரேஷன்தாம்மா" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த அன்றே, பயத்தில் அவள் ஒரு கிண்ணம் வாழைத்தண்டுப் பொரியலைக் கையில் எடுத்தாள். வாழைத்தண்டே தடுத்தது.

"அவசரப்படாதே. புண் ஆறட்டும். இன்று கஞ்சித் தண்ணீரின் முறை. பிறகு நான் ஒரு கரண்டி, இரண்டு கரண்டியாக வருகிறேன். தண்ணீர் இல்லாமல் மட்டும் என்னை அனுப்பாதே. நானும் அங்கே போய் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்."

"அந்தப் பைகள்?" என்று நாக்கு கேட்டது.

"அவை போகாது" என்றது குடல். "இனி அவற்றோடுதான் வாழ்க்கை. அவை கோபப்படாமல் பார்த்துக்கொள்ளலாம்."

"சரி, பரோட்டாவை விட்டுவிடுகிறேன். போதுமா?"

"நீ தின்றதை எப்படியோ தாங்கினேன். நீ பேசாததைத்தான் தாங்க முடியவில்லை."

"நானா பேசவில்லை? காலையிலிருந்து பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்!"

"ஊருக்கெல்லாம் பேசினாய். எனக்காக ஒரு வார்த்தை பேசினாயா? வலியைத் தவிர எனக்கு ஏது குரல்?"



ஒரு மாதம் கழித்து, ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, நடந்து கடைக்கு வந்தாள் செண்பகவல்லி. கையில் பெரிய தண்ணீர் பாட்டில்.

"என்னக்கா, கிணத்தையே தூக்கிட்டு வந்துட்டீங்க?" என்று சிரித்தாள் பக்கத்துப் பிரிவு மும்தாஜ்.

பதினொரு மணிக்குள் பாட்டில் பாதியானது. குடல் மெல்ல அசைந்தது. எதிரே பத்துச் சேலைகள் விரிந்து கிடந்தன. கைகட்டி நின்றிருந்தார் மேலாளர். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கீழே குடல் காத்திருந்தது.

செண்பகவல்லி சேலைகளை விட்டு நகர்ந்தாள். "முகூர்த்தக் கூட்டத்துல எங்கம்மா கிளம்பிட்டே?" என்றார் மேலாளர்.

"பாத்ரூமுக்கு சார். அஞ்சு நிமிஷம். தினமும் போவேன்."

இத்தனை வருடங்களில் அந்த நாக்கு தன் வீட்டுக்காகப் பேசிய முதல் பேச்சு அது.