உளுந்தின் கழுத்துப்பட்டை

முன்னொரு காலத்திலே, மந்திரம் சொன்னால் மலைகூட ஒதுங்கி வழிவிட்ட காலத்திலே, நுரையாறு என்றொரு ஆறு. அதில் படகு ஓட்டியவள் வடிவாள். அவளுக்கென்று யாருமில்லை. வெள்ளத்தில் மிதந்து வந்த கறுப்பு நாய்க்குட்டியைத் தூக்கி வளர்த்தாள்; உளுந்து என்று பேர் வைத்தாள். அந்தக் குட்டி பேசும். வாய் ஓயாமல் பேசும்.

"அக்கா, அந்த மீனுக்கு மீசை இருக்கு. இந்த ஐயாவுக்கு ஏன்க்கா இல்லை?"

படகே சிரிக்கும்.

ஒருநாள் சடையன் என்ற மந்திரவாதி படகில் வந்தான். நாயைக் கேட்டான். வடிவாள் தரமாட்டேன் என்றாள். அவனுக்குள் வன்மம் மூண்டது, வாயோ இனித்தது.

"பேசும் நாயை யாராவது தூக்கிக்கொண்டு போனால்? இந்தா, இந்தப் பட்டையைக் கட்டு. உன்னை விட்டு எங்கும் போகாது."

கட்டினாள். கொக்கி தானே பூட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து அவளுக்குப் பயம். "என்னை விட்டுப் போயிடுவியா, உளுந்து?"

"போகமாட்டேன்க்கா."

நறுக்! பட்டை ஓர் இழை இறுகும். துடுப்புச் சத்தத்தில் அவளுக்கு அது கேட்காது. மறுநாளும் கேட்பாள். நறுக்!

குட்டி வளர்ந்தது. பட்டை வளருமா? அடர்ந்த ரோமம் அதை மூடிவிட்டது. கதை கதையாகச் சொன்ன உளுந்து ஒரு வரிதான் பேசியது. பிறகு ஒரு சொல். கஞ்சியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

"கண்ணு பட்டிருக்கு வடிவு. இந்தப் பேச்சு பேசினா படாதா?" என்றாள், படகில் வந்த உப்புக்காரி சின்னம்மை.

வடிவாள் அதன் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினாள். குணமாகவில்லை. இன்னொன்று கட்டினாள். இருந்த குரலும் போயிற்று. மூன்றாவதைப் பட்டைக்கு அடியில் செருகப் பார்த்தாள். விரல் நுழையவில்லை. சுண்டுவிரல்கூட நுழையவில்லை. ரோமத்தை விலக்கினாள். தோல் வெந்ததுபோல் சிவந்திருந்தது.

"கண்ணுமில்லை, மண்ணுமில்லை! நான்தான்டா உன் கழுத்தை நெரிச்சிருக்கேன்!"

கயிறுகளை அறுத்தாள். பட்டையில் கத்தி வைத்தாள், கத்திதான் உடைந்தது. நாயைத் தோளில் போட்டுக்கொண்டு மலைமேல் இருந்த சடையனின் குகைக்கு ஓடினாள்.

"ஐயா, கழற்றிவிடுங்க!"

"என்னால் முடியாது, உன்னால் முடியும்," என்று சிரித்தான் சடையன். "'எங்கே வேணும்னாலும் போ' என்று மனசாரச் சொல். பட்டை விழும். ஆனால் நாய் ஓடினால் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் மறுபடி பூட்டிக்கொள்ளும். உன்னால் ஆகுமா?"

சொன்னாள். பட்டை அசையவில்லை.

மறுபடி சொன்னாள், 'போயிடாதே' என்று நினைத்துக்கொண்டே. நறுக்! உளுந்தின் நாக்கு நீலம் பாரித்தது.

மூன்றாம் முறை அவள் தன்னை நினைக்கவேயில்லை. அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்தாள். "நீ மூச்சு விட்டாப் போதும்டா. எங்கே வேணும்னாலும் போ."

பட்டை கழன்று விழுந்தது.  

உளுந்து ஒரு மூச்சு இழுத்தது. எழுந்தது. ஓடியது. சரிவில் கறுப்புப் புள்ளியாகி மறைந்தது.

வடிவாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கூப்பிடவில்லை. விழுந்த பட்டை சாம்பலானது; அதோடு சடையனின் சடையெல்லாம் கொத்துக் கொத்தாய் உதிர்ந்து, கற்ற மந்திரமும் கூடவே போயிற்று. தனியாக மலை இறங்கினாள்.

பாதி வழியில் புதர் சலசலத்தது.

"தண்ணி குடிக்கப் போனேன்க்கா. தொண்டை எத்தனை நாளா காஞ்சு கிடக்கு! நீ பாட்டுக்கு நடந்து வந்துட்டியே?"

அவள் வழியிலேயே உட்கார்ந்து அழுதாள். உளுந்து நக்கி நக்கி அந்த அழுகையைத் துடைத்தது.

புண் ஆறிய பிறகு, "இனி பட்டையே வேண்டாம்டா," என்றாள்.

"கட்டுக்கா. நான் யார் வீட்டு நாய்னு ஊருக்குத் தெரிய வேணாமா? ஆனா உன் ரெண்டு விரல் தாராளமா நுழையணும். தொளதொளன்னும் விட்டுடாதே, முள்ளுல மாட்டிக்குவேன்."

மெத்தென்ற நூல்பட்டை ஒன்று பின்னினாள். நாய் வளர வளர அவிழ்த்து நீட்டிக் கட்டினாள். காலையில் படகை அவிழ்க்குமுன் உளுந்து கழுத்தை நீட்டும். அவள் ரெண்டு விரலை உள்ளே விட்டுப் பார்ப்பாள். அங்கே, வெதுவெதுப்பான ரோமத்துக்கு அடியில், அன்றைய பேச்சு அத்தனையும் வெளியே வரத் துடித்துக்கொண்டிருக்கும்.