பாதித் தாமரை

எங்கள் ஊரில் கோயிலும் தேரும் மட்டும்தான் புராதனச் சின்னங்கள். நாங்கள் குடியிருக்கும் கீழமுக்குத் தெருவையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொன்னோம். சேர்க்காவிட்டால் பஸ் ஸ்டாண்டுக்காக இடித்துவிடுவார்கள். பார்வையிட வந்த அதிகாரி அரங்கநாயகம் மூக்கைச் சுளித்தார்.

"எல்லாம் நேத்து முளைச்ச வீடு. தேரைவிடப் பழசுன்னு இப்பவே காட்டுங்க, சேர்க்கிறேன்."

முக்கு வீட்டு வேம்பாயி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள்.

"தேருக்கு என்ன வயசு சார்?"

"முந்நூறு. அன்னையிலேர்ந்து இதே பாதையிலதான் ஓடுது. நானே போர்டு எழுதி வச்சிருக்கேன்."

"அப்ப என் வாசப்படியைப் பாருங்க."

படிக்கல்லில் செதுக்கிய தாமரை பாதியில் அறுபட்டிருந்தது. சுவரின் மூலையும் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது.

"முதல் ஓட்டத்துலயே இந்த முக்குல தேர் திரும்ப இடம் பத்தல. எங்க ஆளுங்க கட்டின வீட்டை வெட்டி வழிவிட்டாங்க. வீடே இல்லாம எதை சார் வெட்டியிருப்பாங்க?"

அரங்கநாயகம் குனிந்து படியைத் தடவினார். பிறகு பேனாவை எடுத்துத் தெருவைப் பட்டியலில் எழுதினார்.

"போர்டுலயும் சேர்த்து எழுதுங்க சார்," என்றாள் வேம்பாயி. "நாங்க வழிவிட்டோம், தேர் ஓடுது."