ஷௌகத் போட்ட உப்பு

"பீபி ஜி, இன்னைக்கும் முடியாதுன்னுட்டாங்க."

குருத்வாராவின் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார் ஷௌகத். ஐம்பது வயது. ஊர் வயல்களில் போர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். தலையில் நீலத் தலைப்பாகை. அவரே கட்டியது.

உள்ளே பீபி ஜஸ்மேல் கௌர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் கைக்குழந்தை.

வயதில் அவள் ஷௌகத்துக்கு மகள் மாதிரி. ஆனாலும் அந்த ஊரில் குருவின் பாட்டுக்கு அர்த்தம் தெரிய வேண்டுமென்றால் அவளிடம்தான் வருவார்கள். ஷௌகத்துக்கு அந்தப் பாட்டின் எழுத்தைக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான்.

"யாரு முடியாதுன்னது, வீர்ஜி?" வீர்ஜி என்றால் அண்ணன்.

"கமிட்டிதான். மொத்தப் பேரும்."

"ஒண்ணுபோல சொன்னாங்களா?"

"அப்படிச் சொல்லியிருந்தா ஒரே அழுகையா அழுதுட்டுப் போயிருப்பேனே! ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

ஷௌகத் உட்கார்ந்து ஒரு பூண்டை எடுத்தார். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் சட்டென்று அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க எதுக்கு ஜி? நீங்க உக்காருங்க. டீ கொண்டு வரச் சொல்றேன்."

ஷௌகத் பீபியைப் பார்த்தார். பீபி பூண்டைப் பார்த்தாள்.

"சொல்லுங்க, என்ன சொன்னாங்க?"

"ஒருத்தர் கேக்குறாரு, எந்தப் பொண்ணுக்காக மாறுறேன்னு. இந்த வயசுல, பீபி ஜி! மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்கிற ஆளைப் பாத்து!"

"அடுத்தவரு?"

"உங்க வழியிலயே நல்ல மனுஷனா இரு, எங்க குரு யாரையும் மாறச் சொல்லலையேங்கிறாரு. சரிதான். ஆனா நானா வந்து கேக்குறேனே, அதுக்கு என்ன பதில்?"

"ம்."

"இன்னொருத்தர், ஹலால் கறியை விட்டுட்டே சரி, திரும்பத் தொடமாட்டேங்கிறதுக்கு யாரு ஜாமீன்ங்கிறாரு. வேற ஒருத்தர் உளவு பாக்க வந்திருப்பேன்னு சந்தேகப்படுறாரு. இங்க என்ன இருக்கு உளவு பாக்க? பருப்பும் ரொட்டியும்!"

பீபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை அசைந்தது. அடக்கிக்கொண்டாள்.

"பிரதான் என்ன சொன்னாரு?"

பிரதான் என்றால் கமிட்டித் தலைவர். பல்காரா சிங்.

"அவருதான் ரொம்ப நல்லவரு. மாலையே வாங்கி வெச்சுட்டாரு. போட்டோ பிடிக்க ஆள் சொல்லியாச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு. மேடையில மைக்கைப் பிடிச்சு, நான் விட்டுட்டு வந்த மார்க்கம் பொய்னு சொல்லணுமாம். சொன்னாத்தான் பேரை அனுப்புவாராம்."

பீபியின் கை நின்றது.

அறுவடைத் திருநாளன்று வெளியூரிலிருந்து ஐந்து பேர் வருவார்கள். இரும்புச் சட்டியில் சர்க்கரைத் தண்ணீரை வாளால் கலக்கி, பாட்டு ஓதி, கேட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதுதான் அமிர்தம். அதைக் குடித்து எழுந்தவர் முழுச் சீக்கியர். யார் யார் போய் உட்காரலாம் என்று கமிட்டி பேர் சொல்ல வேண்டும். அது அந்த ஊர் வழக்கம்.

மூன்று வருஷமாக ஷௌகத்தின் பேரைச் சொல்லவில்லை. இந்த வருஷத் திருநாள் வரும் ஞாயிறு.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் அம்மா இருக்காங்க, பீபி ஜி. இன்னும் அஞ்சு வேளையும் தொழுவுறாங்க. போறதுன்னா போடா, என் தொழுகைப் பாயை மிதிச்சுட்டுப் போகாதேன்னாங்க. அவங்க மகன் மைக்கைப் பிடிச்சுட்டு என்ன சொல்றது?"

யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். ஷௌகத்துக்கு மட்டும் தனியாகத் தட்டில் பிஸ்கட் இருந்தது.

"நீங்க ஒரு வழி சொல்லுங்க. எந்தப் பாட்டை ஓதணும்? எத்தனை தடவை ஓதணும்? சொல்லுங்க, ஓதுறேன்."

பீபி எழுந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூலையில் சாய்த்து வைத்திருந்த பெரிய கரண்டியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நாளைக்குப் பருப்பு அண்டா உங்க பொறுப்பு. உப்பு நீங்க மட்டும் போடணும். வேற ஒரு கை உள்ள போகக் கூடாது."

"ஓத வேண்டியது?"

"கண்ணை முழிச்சுட்டு நின்னா போதும்."



மறுநாள் ஷௌகத் அளவாக உப்பு போட்டார். ருசி பார்த்தார். சரியாக இருந்தது.

குருத்வாராச் சமையலில் ஒரு தொல்லை உண்டு. யாரும் சமையல்காரர் இல்லை. எல்லாரும் சேவைக்கு வருகிறவர்கள். கோதுமை மூட்டை தூக்கப் பத்துப் பேர் யோசிப்பார்கள். உப்பு போட எல்லாரும் ஓடி வருவார்கள். ஒரு கை உப்பு போட்டாலும் சேவை சேவைதானே.

முதலில் ஒரு பாட்டியம்மா வந்தாள். குருவின் பேரைச் சொல்லி ஒரு கை போட்டாள்.

ஷௌகத் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

அடுத்து கல்யாணமாகி வந்த புதுப்பெண். அப்புறம் ராணுவத்திலிருந்து லீவில் வந்தவர்.

கடைசியில் பல்காரா சிங் வந்தார்.

"என்ன ஷௌகத் சாஹிப், நீங்க போய் அடுப்படியில நிக்கிறீங்க! இருக்கட்டும், நானும் கொஞ்சம் கை கொடுக்கிறேன்."

இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார்.

"ரொம்ப சந்தோஷம் ஜி," என்றார் ஷௌகத்.

பந்தி உட்கார்ந்தது. பருப்பு விழுந்தது. ஒரு சின்னப் பிள்ளை முதல் வாயிலேயே துப்பியது. அதன் அம்மா தொடையில் கிள்ளி வாயைப் பொத்தினாள். மற்றவர்கள் ஒரு துண்டு ரொட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்கள்.

ஷௌகத் பயந்துகொண்டே பிரதான் பக்கம் போனார்.

"பருப்பு எப்படி ஜி?"

பல்காரா சிங்குக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"அருமை! உங்க கைமணமே தனி, ஷௌகத் சாஹிப்."



"ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லல, பீபி ஜி!"

"என்கிட்ட வந்து சொன்னாங்க. வரிசையா வந்து சொன்னாங்க. உனக்கு அறிவிருக்கா, அண்டாவை அவருகிட்டயா கொடுக்கிறதுன்னு காதைத் துளைச்சுட்டுப் போனாங்க. நான் என்ன சொல்லி அனுப்பினேன் உங்களை?"

"வேற கை உள்ள போகக் கூடாதுன்னீங்க."

"எத்தனை கை போச்சு?"

ஷௌகத் தரையைப் பார்த்தார்.

"ஏன் விட்டீங்க?"

"பெரியவங்க, சேவைன்னு வர்றாங்க. வந்த இடத்துல நான் எப்படி வேணாம்னு சொல்றது?"

"வந்த இடமா?"

ஷௌகத் நிமிர்ந்து பார்த்தார். பீபி குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"நாளைக்கும் நீங்கதான்," என்றாள்.



மறுநாள் பாட்டியம்மா வந்தாள்.

"போட்டாச்சும்மா," என்றார் ஷௌகத்.

"ஒரே ஒரு கை, மகனே."

"ஒரு சிட்டிகைகூட வேண்டாம். ரொட்டி தேய்க்க ஆள் இல்ல, அங்க போங்க."

பாட்டியம்மா முணுமுணுத்துக்கொண்டே போனாள். புதுப்பெண் அவர் முகத்தைப் பார்த்து வாசலோடு திரும்பிவிட்டாள்.

பல்காரா சிங் வந்தார். சிரித்துக்கொண்டே உப்புப் பானையில் கைவிட்டார்.

ஷௌகத் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கையை எடுங்க."

"என்ன?"

"உப்பு போட்டாச்சு. கையை எடுங்க."

"நான் பிரதான்."

"அதுக்கு? ஆபீஸ்ல போய் பிரதானா இருங்க. அண்டா என் பொறுப்பு."

சமையல்கட்டில் உருட்டுக்கட்டைச் சத்தமெல்லாம் நின்றது. பல்காரா சிங்கின் முகம் சிவந்தது.

"டேய்! நேத்து நீ ஊத்தின கடல்தண்ணியை அருமைன்னு குடிச்சேன்டா! ராத்திரிபூரா பானைத் தண்ணி காலி!"

"யாரு குடிக்கச் சொன்னா? துப்பியிருக்க வேண்டியதுதானே! அதுல பாதி நீங்க அள்ளிப் போட்டது!"

"விருந்தாளி மனசு நோகக் கூடாதேன்னு குடிச்சேன்!"

"எத்தனை வருஷத்துக்குங்க விருந்தாளி? சொல்லுங்க, எத்தனை வருஷத்துக்கு?"

அண்டா கொதித்தது.

பல்காரா சிங் கையை உருவிக்கொண்டார்.

"மைக்ல ஒரே ஒரு வாக்கியம் பேசச் சொன்னா வாய் வரல. என்னைப் பாத்து இந்தப் பேச்சு பேசுறே!"

"இங்க தப்பு நடந்தா இங்க நின்னு சண்டை போடுவேன். அங்க தப்பு நடந்தா எங்க அம்மாகிட்டப் போய் சண்டை போடுவேன், போட்டும் இருக்கேன். அந்த வீட்டுச் சண்டையை இந்த வீட்டு மைக்ல போட எனக்கு வராது. அதுக்காகப் பேரை அனுப்ப மாட்டீங்கன்னா அனுப்பாதீங்க. பருப்புல கை வெக்காதீங்க!"

ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்த பாட்டியம்மா க்ளுக்கென்று சிரித்தாள். பல்காரா சிங் அவளை முறைத்தார். பாட்டியம்மா இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

அவர் வேகமாக வெளியே போய்ப் பந்தியில் உட்கார்ந்தார்.

பந்தியில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஷௌகத் வாளியோடு வந்தார். பிரதான் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினார். பிரதானும் அவர் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியைப் பிய்த்து, தொட்டு, வாயில் போட்டார்.

மென்றார். ரொம்ப நேரம் மென்றார்.

"டேய் ஷௌகத்!"

"என்ன?"

"உப்பு கம்மிடா! நாக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா உனக்கு? அவ்வளவு ரகளை பண்ணிட்டு, மனுஷன் திங்கிற மாதிரியா போட்டிருக்கே?"

ஷௌகத் அப்படியே நின்றார்.

"என்ன முழிக்கிறே? கொண்டு வா உப்பு! ஞாயித்துக்கிழமையும் இப்படித்தான் அந்த அஞ்சு பேர் முன்னால முழிக்கப் போறியா? விடியறதுக்கு முன்னாடி தலைக்குக் குளிச்சுட்டு வந்து சேரு. லேட்டா வந்தா உனக்காக ஒருத்தரும் காத்திருக்க மாட்டாங்க. மாலை, மைக், போட்டோன்னு எவனாவது வந்தா, நான் வேணாம்னுட்டேன்னு சொல்லு."

பந்தியில் மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். பருப்பு வேகவில்லை என்றார் ராணுவக்காரர். தண்ணியாக இருக்கிறதென்றார் அவர் பக்கத்தில் இருந்தவர். இந்தக் கோடியில் ஊற்றிவிட்டு அந்தக் கோடியை மறந்துவிட்டாயே, என்று யாரோ தட்டைத் தட்டினார்கள்.

ஷௌகத் வாளியை அப்படியே தரையில் வைத்துவிட்டு சமையல்கட்டுக்கு ஓடினார்.

பீபி ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் ரொட்டி இடுக்கியுமாக அடுப்பருகே நின்றிருந்தாள்.

"பீபி ஜி! பிரதான் என்னைத் திட்டிட்டாரு! எல்லாருமே திட்டுறாங்க, பீபி ஜி!"

அவருக்குத் தாடியெல்லாம் கண்ணீர்.

பீபி ஜஸ்மேல் கௌர் இடுக்கியை அண்டாப் பக்கம் நீட்டினாள்.

"இதைச் சொல்றதுக்கா வேலையை விட்டுட்டு வந்து நிக்கிறீங்க? அடிப்பிடிக்குது, கிண்டுங்க!"