அறுத்துப் பார்த்த பந்து

மண்ணடியில் ஹசீனா பேகத்தைத் தெரியாத பழஞ்சாமான் வியாபாரி கிடையாது. பழைய மட்டை, பந்து, பதக்கம் என்று எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அசலா போலியா என்று சொல்லிவிடுவார். அவரிடம் மூன்று வருஷமாகத் தொழில் கற்றுக்கொண்டிருந்தவர் தேவசகாயம். குருவுக்கு நாற்பத்து நாலு வயது, சீடருக்கு அறுபத்திரண்டு. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற மனிதருக்கு இந்த வயதில் இது எதற்கு என்று கடைத்தெருவே சிரித்தது. ஹசீனா மட்டும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவேயில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேவசகாயம் ஒரு துணிப்பொட்டலத்தை மேஜைமேல் வைத்து அவிழ்த்தார். உள்ளே அமெரிக்காக்காரர்கள் ஆடும் பேஸ்பால் பந்து ஒன்று. பழுத்துப்போன தோல், சிவப்பு நூல் தையல், மங்கிய மசியில் ஒரு கையெழுத்து.

"யாருது?"

"எங்கப்பாவோடது."

"இதுக்குத்தான் மூணு வருஷமா வந்தீங்களா?"

"ஆமாம்மா."

தேவசகாயத்தின் அப்பா சவரிமுத்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நாற்பத்து மூன்றில், யுத்த சமயத்தில், ஓர் அமெரிக்கக் கப்பல் வந்து நின்றதாம். மாலுமிகள் கடற்கரையில் பந்தாடினார்களாம். உயரப் போன பந்தை, ஓரமாய் நின்றிருந்த சவரிமுத்து வெறுங்கையால் பிடித்தாராம். கப்பல் கேப்டனே கையெழுத்துப் போட்டு அதை அவரிடம் கொடுத்தாராம். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் பந்து வந்துவிடும்.

தேவசகாயத்தின் அக்காவுக்கு நடந்த நிச்சயதார்த்தத்தன்றும் வந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கப்பல்ல இருந்து அமுக்கினதா?" என்று கேட்டார். தேவசகாயத்துக்கு அப்போது பதினேழு வயது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அமுக்கினதாத்தான் இருக்கும். எங்கப்பா நல்லா கதை விடுவாரு" என்றார்.

சபையே சிரித்தது. சவரிமுத்துவும் கூடச் சேர்ந்து சிரித்தார். பந்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் வைத்தார். அதற்குப்பின் அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

"இது அந்த வருஷத்துப் பந்துன்னு தெரிஞ்சா போதும்மா" என்றார் தேவசகாயம். "கல்லறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துருவேன். நிச்சயமாத் தெரியாம எப்படிப் போறது?"

"நீங்க பார்த்தாச்சா?"

"பார்த்துட்டேன். நூல் ஊதா விளக்குல மின்னல, புது நூல்னா பளிச்சுனு மின்னும். குதிரைத்தோல்தான். மசியும் தோலுக்குள்ள நல்லா இறங்கியிருக்கு."

"அப்புறம் என்ன?"

"முப்பதுல செஞ்சதும் அப்படித்தான் இருக்கும், அம்பதுல செஞ்சதும் அப்படித்தான் இருக்கும். வருஷம் உள்ளதான் இருக்கு."

அவர் சொன்னது சரிதான். யுத்தத்தில் ரப்பருக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பந்தின் நடுவிலுள்ள கார்க் உருண்டைக்கு மேல் ரப்பருக்குப் பதிலாக ஒரு மரப்பிசினைப் பூசிச் சில காலம் செய்தார்கள். இதைச் சொல்லிக்கொடுத்ததே ஹசீனாதான்.

"அறுத்தா பந்து போயிடும், சார்."

"தெரியும்."

"அறுக்காம நம்ப முடியலையா?"

தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டார். "முடியலம்மா."

ஹசீனா மேஜை இழுப்பறையிலிருந்து கத்தியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"உங்க பந்து. நீங்களே அறுங்க."

தேவசகாயம் கத்தியைத் தையலில் வைத்து அழுத்தினார். கத்தி தையலை விட்டு வழுக்கி, கேப்டனின் பெயரை இரண்டாக்கிக்கொண்டு போனது. தோல் பிரிந்தது. உள்ளே சுற்றியிருந்த கம்பளி நூல் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மேஜை நிறைந்து தரையிலும் விழுந்தது. கடைசியில் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை ஒன்று மிஞ்சியது. ஹசீனா அதை வாங்கி, கத்தி முனையால் கொஞ்சம் சுரண்டி, லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"பிசின்தான். யுத்தகாலத்துப் பந்து. அசல்."

தேவசகாயம் வாய்விட்டு அழுதார். அறுபத்திரண்டு வயது மனிதர், எதிர்க்கடைக்காரர் எழுந்து எட்டிப் பார்க்கும்படி அழுதார்.

"எங்கப்பா பொய் சொல்லலம்மா."

ஹசீனா தண்ணீர் கொடுத்தார். அவர் பாதி டம்ளர் குடித்தார். மீதியைக் குடிக்காமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு, அறுபட்ட தோலைப் பார்த்தார். மூன்று வருஷம் கற்ற வித்தை அவரைச் சும்மா விடவில்லை.

"ஆனா ஒண்ணும்மா."

"சொல்லுங்க."

"பந்து அசல். சரி. கேப்டன் கொடுத்ததா, இவரா எடுத்துக்கிட்டு வந்ததா? கையெழுத்துப் போட்ட பந்தையும் தூக்கிட்டு வரலாமே. இதுல அது தெரியலையே?"

"தெரியாது."

"வேற எதை வெச்சுத் தெரிஞ்சுக்கிறது?"

ஹசீனா குனிந்து தரையில் கிடந்த நூலைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அந்த நிச்சயதார்த்தத்துக்கு அப்புறம் அப்பா எத்தனை வருஷம் இருந்தாரு?"

"பதினோரு வருஷம்."

"கேட்டிருக்கலாமே, சார்."