தலைவரின் மோசமான படம்

உயர்திணை, அஃறிணை என்று உலகத்தையே இரண்டாகப் பிரித்து முடித்த மொழி நம்முடையது. நடிகர் கதிர்மாறனின் ரசிகர்கள் கூடும் இணையக் குழுவின் அட்மின் குணாளனுக்கு அது போதவில்லை. புதிதாகச் சேர்பவர்களை உயிர்ப்படை, சாதாரணப்படை, ஒற்றர் என்று மூன்றாகப் பிரித்தார். போட்டி நடிகரின் ஒற்றர் என்று முத்திரை விழுந்தால் அவரது போன் நம்பரைக் குழுவில் போட்டுவிடுவார்கள். பிறகு ஊரெல்லாம் கூப்பிட்டுத் திட்டும். போன வாரம் மாட்டியவன் இன்னும் போனைத் திறக்கவில்லை.

தூத்துக்குடி மருந்துக்கடையில் வேலைபார்க்கும் மரியசெல்வி சேர்ந்ததும் குணாளன் கேட்டார்: "தலைவர் நடிச்சதிலேயே மோசமான படம் எதும்மா?"

ஒரு படத்தைச் சொன்னால் ஒற்றர். மோசமான படமே இல்லை என்றால், வேஷம் போடும் ஒற்றர். இதுவரை தப்பித்தவர் சிலரே.

"நம்பரை எடுத்து வைங்கப்பா," என்று ஒருவன் எழுதினான். மரியசெல்வி பதிலைத் தட்டினாள்:

"நீங்க எந்தப் படத்தைப் பார்க்காம விட்டீங்களோ, அதுதாண்ணே. நல்லாயிருந்தா விட்டிருப்பீங்களா?"

"நானா? ஒண்ணையும் விட்டதில்லை! எல்லாமே முதல் நாள், முதல் காட்சி!" என்று பொங்கினார் குணாளன்.

"அப்ப மோசமான படமே இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்படிச் சொன்னா ஒற்றர்தானேண்ணே? உங்க நம்பரைப் போடலாமா?"

குணாளன் உடனே அவளை உயிர்ப்படையில் சேர்த்து, கேள்வி கேட்கும் வேலையையும் அவளிடமே கொடுத்துவிட்டார்.

அடுத்து ஒரு கோவில்பட்டிக்காரர் வந்தார்.

"வாங்கண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள் மரியசெல்வி.

எந்தப் பதில் சொன்னால் மாட்டுவோம் என்று தெரியாமல், அவர் குழுவைவிட்டே ஓடிவிட்டார்.